பெண்கள் பெட்டியில் தூங்கியவர்

ஆஸ்பத்திரியில் நான் எடுத்த படங்களில் முகம் இருக்காது. ஆபரேஷனுக்கு முந்தைய முழங்கால், ஆபரேஷனுக்குப் பிந்தைய முழங்கால், வெந்துபோன முதுகு, கட்டி வளர்ந்த கழுத்து. பக்கத்தில் ஒரு அளவுகோலும் ஒரு எண்ணும் இருக்கும். முகம் தெரிந்தே ஆகவேண்டும் என்றால் கண்களின்மேல் கறுப்புப் பட்டை ஒட்டிவிடுவோம். மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் நடத்த அந்தப் படங்கள் தேவைப்பட்டன. பெண் நோயாளிகளைப் படம் எடுக்க ஒரு பெண் வேண்டும் என்று ஒரு பெரிய டாக்டர் பிடிவாதமாக இருந்ததால்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது. அறுபதுகளின் நடுவில் சேர்ந்தேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது.

வீடு தாம்பரத்தில். அப்பாவும் அம்மாவும் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள். நானும் டீச்சர் டிரெயினிங் போவேன் என்று நினைத்திருந்தவர்கள், நான் போட்டோகிராபி படிக்கப் போனதை ஒரு வியாதி மாதிரிதான் எடுத்துக்கொண்டார்கள். காலையில் ஏழரை வண்டி. மாலையில் பார்க் ஸ்டேஷனில் ஐந்தே கால் வண்டி. இருட்டறையில் நின்று நின்று கால் வீங்கியிருக்கும். விரல்களில் படம் கழுவுகிற ஹைப்போ மருந்தின் வாசனை போகாது. எத்தனை தரம் சோப்புப் போட்டாலும் சாப்பாட்டில் அந்த வாசனைதான் வரும்.

பெண்கள் பெட்டியில் காலையில் ஒரே பேச்சாக இருக்கும். மாமியார், சீட்டு, அரிசி, ரேஷன் கடை, ஆபீஸில் புதிதாக வந்த அதிகாரி. மாலையில் அதே பெண்கள், அதே இடங்களில், வாய் திறக்கமாட்டார்கள். டெலிபோன் ஆபரேட்டர்கள், டைப்பிஸ்டுகள், காலிக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்த கீரைக்காரி எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார்கள். வெளியே இருப்பது எதுவும் அவர்கள் கண்ணில் பட்டிருக்காது. நாள் முழுக்க முகமில்லாத உடம்புகளைப் பார்த்துவிட்டு வரும் எனக்கு, அந்த முகங்களிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

என்னிடம் ஒரு பழைய கேமரா இருந்தது. ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த பரங்கிமலை ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஒன்று விற்றுவிட்டுப் போனது. மேல்மூடியைத் திறந்து குனிந்து பார்க்கிற வகை. கண்ணருகே தூக்க வேண்டியதில்லை. மடியில் கைப்பைமேல் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தால், யாரோ ஜெபப் புத்தகம் படிக்கிறாள் என்றுதான் நினைப்பார்கள். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம். அந்த நாளில் பிலிம் சுலபமாகக் கிடைக்காது என்பதால் மாதத்துக்கு இரண்டு சுருளோடு நிறுத்திக்கொள்வேன். வெளிச்சம் நன்றாக விழுகிற இடம் சைதாப்பேட்டைக்கும் கிண்டிக்கும் நடுவில், அடையாற்றுப் பாலம். அங்கே கட்டிடமோ மரமோ மறைக்காது. மேற்குப் பக்கத்து வெயில் நேராகப் பெட்டிக்குள் வரும். பாலத்துச் சத்தத்தில் ஷட்டர் விழுவதும் கேட்காது. அந்தப் பாலத்துக்காகத்தான் நான் நாள் முழுக்கக் காத்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

பெட்டியில் என்னை எல்லோரும் 'டீச்சரம்மா' என்று கூப்பிட்டார்கள். கைப்பை, கண்ணாடி, இழுத்துச் செருகிய காட்டன் புடவை எல்லாம் சேர்ந்து அப்படித் தோன்றியிருக்கும். நான் மறுக்கவில்லை.

அவர் நுங்கம்பாக்கத்தில் ஏறுவார். பல்லாவரத்தில் இறங்குவார். நாற்பது, நாற்பத்திரண்டு வயது இருக்கலாம். மஞ்சளும் பச்சையுமாகப் பின்னிய வயர் கூடை ஒன்று எப்போதும் கையில் இருக்கும். ஏறினதும் ஜன்னலோரத்தில் எனக்கு எதிரே உட்காருவார். என்னைப் பார்த்து "வந்தீங்களா டீச்சரம்மா?" என்பார். கோடம்பாக்கம் வருவதற்குள் தூங்கிவிடுவார். கம்பியில் நெற்றி இடிக்கும், விழிக்கமாட்டார். வாய் லேசாகத் திறந்துகொள்ளும். மீனம்பாக்கத்தில் வண்டி கிளம்பியதும் யாரோ தொட்டு எழுப்பினதுபோல எழுந்து, முகத்தைத் துடைத்து, தலையை ஒதுக்கி, பல்லாவரத்தில் இறங்கும்போது வேறு ஆளாக இருப்பார். நிமிர்ந்து நடந்துபோவார். ஒரு வருஷத்தில் அவரை நான் ஏழு தடவை படம் எடுத்திருந்தேன். அவருக்கு அது தெரியாது.

ஏழாவது படம் எடுத்த அன்று அவர் வழக்கமான பூப்போட்ட புடவையில் வரவில்லை. நீலக்கரை போட்ட வெள்ளைப் புடவை. தோளில் ஒரு எண் தைத்திருந்தது. அது தனியார் நர்ஸிங் ஹோம்களில் ஆயாக்களுக்குக் கொடுக்கிற புடவை, எனக்குத் தெரியும். உடை மாற்றக்கூட நேரமில்லாமல் ஓடிவந்து ஏறியிருக்கிறார். புறங்கைகள் இரண்டும் பினாயிலில் வெடித்துப்போயிருந்தன. அந்தக் கைகளை மடியில், கூடைமேல், விரித்துப் போட்டபடி தூங்கினார். பாலம் வந்தது. வெயில் சரியாக அந்தக் கைகளில் விழுந்து முகத்துக்கு ஏறியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன்.

கழுவிப் பார்த்தபோது, இதைவிட நல்ல படம் இனி நான் எடுக்கப்போவதில்லை என்று தோன்றியது. அது உண்மையாகத்தான் ஆயிற்று.

ஒரு வாரப் பத்திரிகையில் புகைப்படப் போட்டி அறிவித்திருந்தார்கள். படத்தைப் பற்றி இரண்டு வரி எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். நானும் எழுதினேன். 'மாலை வண்டியில் வீடு திரும்பும் நர்ஸிங் ஹோம் ஆயா ஒருவர். பல்லாவரத்தில் இறங்குவார்.' எழுதும்போது எனக்கு எதுவும் உறுத்தவில்லை. ஆஸ்பத்திரியில் தினமும் அப்படித்தானே எழுதினேன். இடது கால், வயது இன்னது, பெண். படம் முக்கால் பக்கத்துக்கு வந்தது. கீழே நான் எழுதிய இரண்டு வரியையும் அப்படியே போட்டிருந்தார்கள். என் அப்பா முதல்முறையாக நான் எடுத்த படம் ஒன்றைச் சர்ச்சுக்கு எடுத்துப்போய் நாலு பேரிடம் காட்டினார்.

அதற்குப் பிறகு பத்து நாள் அவர் வண்டியில் வரவில்லை. உடம்புக்கு ஏதாவது இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பதினோராம் நாள் நுங்கம்பாக்கத்தில் ஏறினார். ஜன்னலோரம் காலியாக இருந்தும் அங்கே போகவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கூடைக்குள் கைவிட்டு, நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து என் மடியில் வைத்தார்.

"டீச்சரம்மா, இது நீங்க எடுத்ததா?"

மடிப்பைப் பிரித்தேன். பத்திரிகையில் வந்த என் படம்.

"எதிர் சீட்லேர்ந்துதான் எடுத்துருக்கணும். எதிர் சீட்ல டெய்லி நீங்கதான். ஒரு பொட்டிய மடில வெச்சிக்கினு குந்தினு இருப்பீங்களே, அதுலதானே?"

"ஆமாக்கா."

"என்னைக் கேட்டீங்களா?"

"நீங்க தூங்கிட்டு இருந்தீங்க."

"எழுப்பியிருக்கலாமே," என்றார்.

சத்தம் போட்டிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். அவர் மெதுவாகத்தான் பேசினார். பக்கத்தில் இருந்தவர்களுக்குக்கூடக் கேட்டிருக்காது. கணவர் இறந்து எட்டு வருஷம். ஒரே மகள். தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை பார்த்த கணவர் போனபிறகு, நுங்கம்பாக்கத்தில் ஒரு நர்ஸிங் ஹோமில் ஆயா வேலை கிடைத்தது. வெளி நோயாளிகளுக்குச் சீட்டு எழுதுகிற வேலை என்றுதான் தெருவில் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். எட்டாவது வரை படித்திருந்ததால் யாரும் சந்தேகப்படவில்லை. மகளுக்கும் அதே கதைதான். வேலைப் புடவையை நர்ஸிங் ஹோமிலேயே துவைத்துக் காயப்போட்டுவிட்டு வருவார். நான் படம் எடுத்த அன்று மட்டும், கூடையில் இருந்த புடவையை ஸ்டேஷனிலேயே மாற்றிக்கொண்டுதான் தெருவுக்குள் போயிருக்கிறார். மகளுக்குச் சைதாப்பேட்டையில் மாப்பிள்ளை பார்த்து நிச்சயம் செய்திருந்தார்கள்.

"அந்த மாப்பிள்ளைக்கு ஒரு தங்கச்சி. அது இந்தப் புஸ்தகம் வாங்குது. எடுத்துக்கினு நேரா வூட்டுக்கே வந்துட்டாங்க. சீட்டு எழுதறேன்னு சொன்னீங்க, இதுல ஆயான்னு போட்டு கீதேன்னாங்க. நான் இன்னா சொல்றது? என் மூஞ்சிதானே அது."

"நான் வேணா அவங்க வீட்டுக்குப் போய்ப் பேசட்டுமாக்கா?"

"இன்னான்னு பேசுவீங்க? நான் ஆயா இல்லேன்னா?"

வண்டி பாலத்தில் போய்க்கொண்டிருந்தது. அவர் தாளை மறுபடி நான்காக மடித்துக் கூடைக்குள் வைத்தார்.

"அவங்க போனா போறாங்க," என்றார் பிறகு. "எம் பொண்ணு பேசமாட்டேங்குது. கல்யாணம் நின்னதுக்குக்கூட அது அழுவல. எங்கிட்டயே மறைச்சியேன்னு கேக்குது. எனக்கு இன்னா சொல்றதுன்னு தெர்ல. நீங்க படிச்சவங்க. ஒரு தபா வந்து எதுனா சொல்லிட்டுப் போங்க."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நேராகப் பல்லாவரம் போனேன். ஒரு பழுப்பு உறையில் ஏழு படங்களையும் நெகட்டிவ்களையும் எடுத்துக்கொண்டேன். ஸ்டேஷனுக்குப் பின்னால், மலையடிவாரத்துக்குப் போகிற தெருவில் ஓட்டு வீடுகள் வரிசையாக இருந்தன. அதில் ஒன்று. ஒரே அறை, தடுப்புக்கு அந்தப்பக்கம் அடுப்பு. மகளுக்குப் பத்தொன்பது வயது இருக்கும். தரையில் உட்கார்ந்து டைப்ரைட்டிங் பாடப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். என்னை உட்காரச் சொல்லவில்லை.

"நீங்கதான் அந்த டீச்சரா?" என்று கேட்டாள்.

வழி முழுக்க எதை எதையோ சொல்லத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அந்தக் கேள்வியில் எல்லாம் மறந்துவிட்டது.

"நான் டீச்சர் இல்லை," என்றேன். "ஆஸ்பத்திரியில நோயாளிகளைப் படம் எடுக்கறேன்."

அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப்பார்த்தார். "டீச்சர் இல்லியா?"

"நீங்கல்லாம் அப்படிக் கூப்பிட்டீங்க. நான் இல்லைன்னு சொல்லலை."

"ஏன் சொல்லலை?" என்றாள் மகள்.

"புண்ணையும் கட்டியையும் படம் எடுக்கறவள்னு தெரிஞ்சா யாரும் பக்கத்துல உட்காரமாட்டாங்கன்னு தோணுச்சு."

அவள் என்னைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். "நல்லாத்தான் ஜோடி சேர்ந்தீங்க ரெண்டு பேரும்," என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் பாயை எடுத்து விரித்தாள்.

நான் உறையை அவளிடம் கொடுத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் படங்களை ஒவ்வொன்றாகப் பாயில் வைத்தாள். ஒவ்வொன்றின் பின்னாலும் நான் பென்சிலால் தேதி எழுதியிருந்தேன். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தடுப்போரம் வந்து நின்றார். தன் முகத்தை அப்படி ஏழு தடவை வரிசையாகப் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கும். கிட்டே வரவில்லை.

"எல்லாத்துலயும் தூங்கறாங்க," என்றாள் மகள்.

"ஆமாம்."

"எங்கம்மா தூங்கி நான் பாத்ததே இல்லை. நான் படுக்கும்போது ஏதாவது வேலை செஞ்சிட்டிருப்பாங்க. நான் எழுந்திரிச்சா அடுப்பு எரிஞ்சிட்டிருக்கும்."

"நானும் தூங்குவேன்டி," என்றார் அம்மா. "நீ பாத்துருக்கமாட்ட."

"எப்ப?"

அம்மாவின் கண் பாயில் கிடந்த படங்களுக்குப் போனது. மகள் ஏழாவது படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். குழாயடியில் தண்ணீர் விழும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தோம். திரும்பி வந்தபோது அவள் முகம் ஈரமாக இருந்தது. "காபி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள்.

காபி குடித்தேன். நெகட்டிவ்களை அம்மாவிடம் கொடுத்தேன். இனி அந்தப் படத்தை யாரும் போட முடியாது என்று சொன்னேன். அவர் அதில் ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுலயும் நானா? கறுப்பு வெளுப்பா, வெளுப்பு கறுப்பா கீது," என்றார். எல்லாவற்றையும் டிரங்குப் பெட்டிக்குள், துணிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினார். நின்ற கல்யாணம் நின்றதுதான். சைதாப்பேட்டைக்காரர்கள் திரும்ப வரவில்லை. வேறு இடத்தில் பெண் எடுத்துவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அடுத்த வாரத்திலிருந்து அவர் வண்டியில் என் பக்கத்திலேயே உட்கார ஆரம்பித்தார். மகள் பேச ஆரம்பித்துவிட்டாள் என்றார். நர்ஸிங் ஹோம் விஷயங்கள் எல்லாம் சொன்னார். என் வேலையைப் பற்றிக் கேட்டார். எனக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. மன்னித்துவிட்டார் என்று நினைத்தேன். நாலைந்து நாள் கழித்துத்தான் கவனித்தேன், அவர் தூங்கவேயில்லை.

கண் சொக்கும். தலை சரியும். உடனே திடுக்கிட்டு நிமிர்ந்து, மாராப்பைச் சரிசெய்துகொண்டு, என்னைப் பார்த்துச் சிரிப்பார். நான் அப்போதெல்லாம் கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் வந்தேன். ஒரு நாள் கைப்பையைத் திறந்தே காட்டினேன். "அக்கா, இதுல ஒண்ணும் இல்லை. நீங்க தூங்குங்க," என்றேன்.

"அட, உங்களை யாரு சந்தேகப்பட்டாங்க," என்றார். ஆனாலும் தூங்கவில்லை. படத்தில் இருந்த அந்த வெயில் விழுகிற பாலம் வரும்போது முதுகு தானாக விறைத்துக்கொள்ளும். ஒரு மாதத்தில் கண்கள் சிவந்து உள்ளே போய்விட்டன. அந்த மனுஷிக்கு ஒரு நாளில் இருந்த ஓய்வு கோடம்பாக்கத்திலிருந்து மீனம்பாக்கம் வரைதான். அதையும் நான் பறித்துக்கொண்டேன்.

"டியூட்டி டயம் மாத்திட்டாங்கக்கா. இனிமே அடுத்த வண்டிதான்," என்று ஒரு நாள் சொன்னேன். அது பொய். ஐந்தே காலுக்குப் பார்க் ஸ்டேஷனில் நின்று, அந்த வண்டியை விட்டுவிட்டு, அடுத்ததில் ஏறுவேன். அதில்தான் கடைவீதிக் கூட்டம் முழுவதும் வரும். பெரும்பாலும் தாம்பரம் வரை நின்றுகொண்டேதான் போகவேண்டும். அப்படி ஆறேழு வருஷம் போனேன். இதைப் பெரிய தியாகம் என்று சொல்ல வரவில்லை. காலில் நரம்பு புடைத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

நடுவில் ஒரு நாள் வீட்டில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போன் வந்தது. அவசரமாகப் பழைய வண்டியில் ஏறிவிட்டேன். நுங்கம்பாக்கத்தில் ஏறினவர் கூட்டத்தில் என்னைப் பார்க்கவில்லை. கோடம்பாக்கம் தாண்டித் திரும்பிப் பார்த்தேன். ஜன்னலோரம், கூடை மடியில், வாயைத் திறந்து, அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். நான் கதவோரமாக, முதுகைக் காட்டி நின்றுகொண்டு போனேன்.

அதற்குப் பிறகும் நான் வண்டியில் படம் எடுக்காமல் இல்லை. ஆனால் கேட்டுவிட்டு எடுத்தேன். கேட்ட அடுத்த நொடியே எல்லோரும் நிமிர்ந்துவிடுவார்கள். கர்சீப்பால் முகத்தைத் துடைப்பார்கள், வாடின பூவைப் பின்பக்கம் தள்ளிக்கொள்வார்கள், "இருங்க இருங்க" என்று பொட்டைச் சரிசெய்வார்கள். "எனக்கு எதுக்கும்மா போட்டோ, போய் வேற யாரையாவது எடு," என்று ஒரு மீன்காரி விரட்டினாள். எடுத்த படத்தில் ஒரு பிரதி அவரவருக்குக் கொடுத்தேன். சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள். எல்லாம் ஸ்டுடியோவில் எடுத்ததுபோல இருக்கின்றன. பின்னாளில் அவற்றைப் பார்த்த ஒரு ஓவியர், இதில் உயிர் இல்லையே என்றார். இல்லைதான். நான் என்ன செய்யட்டும்? களைப்பை அவர்கள் எனக்குத் தர விரும்பவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் மகளுக்குக் கிண்டியில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. அங்கேயே வேலை பார்த்த ஒருவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். இந்தத் தடவை பேச்சு எடுத்தபோதே, எங்கம்மா ஆயா வேலை பார்க்கறாங்க என்று சொல்லிவிட்டுத்தான் மேலே பேசினாளாம். கல்யாணத்துக்கு என்னைத்தான் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். போனேன். மாலையும் கழுத்துமாக, ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில், வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எல்லோரும் நின்றார்கள். சாதாரணப் படங்கள்தான்.

சில வருஷம் கழித்து அஸ்தினாபுரத்தில் மனை வாங்கிச் சின்னதாக வீடு கட்டிக்கொண்டார்கள். அம்மா வேலையை விட்டுவிட்டு மகளோடு போய்விட்டார். ஒரு விடுமுறை நாளில் பார்க்கப் போனேன். சுற்றிலும் காலி மனைகள், முள்செடிகள். கரண்ட் இன்னும் வரவில்லை. அவர் தடுமாறி எழுந்து டீ போட்டார். மூட்டுவலி. நர்ஸிங் ஹோம் தரையெல்லாம் என் முட்டியிலதான் கீது என்றார்.

டீ குடித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று கேட்டார்.

"அப்ப உங்க டியூட்டி டயம் ஒண்ணும் மாறல, இல்ல?"

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க நர்ஸிங் ஹோம்லேர்ந்து ஒருத்தி உங்க ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போனா. அவகிட்ட கேட்டேன். அதெல்லாம் அஞ்சு மணிக்கே கெளம்பிடுவாங்கன்னா."

"தெரிஞ்சும் ஏன் எங்கிட்ட கேக்கலை?"

"கேட்டா நீங்க திரும்ப அந்த வண்டிக்கே வந்துருப்பீங்க," என்றார். "எனக்குத் தூக்கம் வேணும்."

அதை அவர் வருத்தமாகவும் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டும் சொல்லவில்லை. நான் டம்ளரை எடுத்து மீதி டீயைக் குடித்து முடித்தேன். சாயங்காலம் கிளம்பும்போது பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட வந்தார். வேண்டாம், முட்டி வலிக்கும் என்று சொன்னேன், கேட்கவில்லை. அந்தப் பக்கம் பஸ் எப்போதாவதுதான் வரும். நிழலுக்கு ஒன்றும் இல்லாத அந்த மண் ரோட்டோரத்தில் இருவரும் முக்கால் மணி நேரம் நின்றோம். மாப்பிள்ளை கிணறு வெட்டின கதையைச் சொன்னார். தண்ணீர் கொஞ்சம் உப்பு, பருப்பு வேகமாட்டேன் என்கிறது என்றார். பஸ் வந்ததும் என் தோளைத் தட்டி ஏற்றிவிட்டு, திரும்பி மெதுவாக நடந்துபோனார்.